சீசன் இல்லாத மாதங்களில் நல்ல உருளைக்கிழங்கு வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உருளைக்கிழங்கு வருடம் முழுக்கக் கடையில் கிடைக்கும். அதனால்தான் அதற்கும் சீசன் உண்டு என்பது பலருக்கு மறந்துபோகிறது. ஜூன் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, வடக்கே பிப்ரவரி, மார்ச்சில் தோண்டி, மாதக்கணக்கில் குளிர்பதனக் கிடங்கில் இருந்த பழைய கிழங்கு. மற்றது, வேறொரு வட்டாரத்தில் மழையிலோ அவசரத்திலோ தோண்டிய புதுக்கிழங்கு. இரண்டிலும் நல்லது உண்டு, கெட்டதும் உண்டு. ஆனால் கெடும் விதம் வேறு வேறு. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் "நல்ல கிழங்கா பாத்துப் போடுங்க" என்று சொல்வதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

வீட்டுக்கு ஒரு கிலோ வாங்குபவர்களுக்கு 1 முதல் 5 வரையும் 8, 9-உம் போதும். மெஸ், டீக்கடை, சிப்ஸ் கடை நடத்துபவர்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்ய வேண்டும்.

முன்கூட்டியே வேண்டியவை: கூரான கத்தி, கிராம் காட்டும் சமையல் தராசு, தூள் உப்பு, ஒரு வாளி. மூட்டை வாங்கப் போகிறவர்கள் ஒரு காலி சாக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது 6-ஆம் பகுதியில்.

1. முதலில் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போன பிறகு இதை யோசித்தால் பயனில்லை. சீசன் இல்லாத காலத்தில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் கிழங்கு அநேகமாகக் கிடைக்காது. ஒரு வேலைக்குப் பொருந்துவதைத்தான் தேட முடியும்.

பூரி மசாலா, போண்டா, கட்லெட் போன்றவற்றுக்கு மாவுத்தன்மை வேண்டும். முற்றிய கிழங்கு, பழையதானாலும் சரி. லேசான இனிப்பு இருந்தால்கூடப் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் மறைத்துவிடும்.

குருமா, சாம்பார், காரப் பொரியலுக்குக் கரையாமல் நிற்கும் கிழங்கு வேண்டும். இங்கே முற்றாத புதுக்கிழங்கு கைகொடுக்கும்.

சிப்ஸ், விரல் வறுவலுக்குத்தான் கெடுபிடி அதிகம். மாவுச்சத்து அதிகமாகவும் சர்க்கரை குறைவாகவும் இருக்க வேண்டும். கிடங்குக் கிழங்கு தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2. மாதத்தைப் பார்த்து, எந்த ஊர்க் கிழங்கு வரும் என்று கணியுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை வடக்கின் பெரிய அறுவடை. ஆக்ரா பக்கத்து உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டம் எல்லாம் ஒரே சமயத்தில் இறக்கும். இந்தக் காலத்தில் தேர்வு செய்ய வழிகாட்டியே தேவையில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் நீலகிரியின் நீர்போகக் கிழங்கு, அதாவது பாசன நீரில் விளைந்தது, வரத் தொடங்கும். அதே சமயம், கிடங்கில் வைக்காமல் கொட்டகையில் குவித்த வடநாட்டுக் கிழங்கும் மலிவாக வரும். வெயிலில் கிடந்து முளைக்கத் தயாராக இருக்கும் சரக்கு அது. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஜூன், ஜூலையில் கிடைப்பது பெரும்பாலும் கிடங்குக் கிழங்குதான். ஆனால் உள்ளே வைத்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருக்கும் என்பதால் தரம் சுமாராக நிற்கும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையில் ஆட்டம் மாறும். கர்நாடகத்தின் ஹாசன் பகுதியில் மே கடைசி, ஜூனில் நட்ட கிழங்கு தோண்டப்படுகிறது. ஊட்டியில் மழைப்பருவத்தில் விளையும் கார்போகக் கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்குகிறது. அதாவது, வடக்கின் சரக்கு ஆகப் பழையதாக இருக்கும் மாதங்களில் தெற்கில் புதுசு கிடைக்கிறது. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மழையில் தோண்டிய கிழங்கு வேகமாக அழுகும். ஒரு வாரத்துக்கு மேல் தேவையானதை வாங்காதீர்கள்.

நவம்பரும் டிசம்பர் முற்பகுதியும்தான் மோசமான காலம். அடுத்த அறுவடை வருவதற்குள் கிடங்கைக் காலி செய்யக் கடைசிச் சரக்கை வெளியே தள்ளுவார்கள். கூடவே, விலை அதிகம் என்பதால் பஞ்சாபில் முற்றும் முன்பே தோண்டிய புதுக்கிழங்கும் வரும். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருக்கும். கண்ணுக்கு அழகானது முற்றாதது. சமையலுக்குச் சில சமயம் பழையதே மேல்.

3. கடைக்காரரிடம் மூன்று கேள்வி

"நல்லா இருக்குமா?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு.

"எந்த ஊர்ச் சரக்கு?" ஊர் தெரிந்தால் மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடலாம். அக்டோபரில் "ஆக்ரா புதுக்கிழங்கு" என்று ஒருவர் சொன்னால் பொய் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

"கிடங்குச் சரக்கா, வயல் சரக்கா?" மண்டியில் இதை ஒளிக்க மாட்டார்கள், விலையே வேறு. சில்லறைக் கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

"லாரி என்றைக்கு இறங்கியது?" கிடங்கிலிருந்து வெளியே வந்த கிழங்குக்கு உறக்கம் கலைந்துவிட்டது. வெளிச்சூட்டில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைவிடும். இறங்கிப் பத்து நாளானது என்றால் உங்கள் வீட்டில் அது தங்கும் நாட்கள் குறைவு.

சிப்ஸ் போடுபவர்களுக்கு நான்காவது கேள்வி ஒன்று: "சுகர் ஃப்ரீ சரக்கா?" வடக்கே சாதாரணக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. சில கிடங்குகளில் 10 முதல் 12 டிகிரியில் வைத்து, முளை வராமல் இருக்க சிஐபிசி என்ற முளையடக்கியைப் புகையாக அடிக்கிறார்கள். அப்படி வைத்ததில் இனிப்பு ஏறுவது மிகக் குறைவு. வணிகர்கள் அதைத்தான் சுகர் ஃப்ரீ என்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான கிழங்கு என்று அர்த்தமில்லை. இதைத் தோலோடு சமைக்காமல் உரித்தே பயன்படுத்துங்கள், முளையடக்கியின் மிச்சம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கும்.

ரகத்தின் பெயரும் தெரிந்தால் நல்லது. குஃப்ரி சிப்சோனா வறுவலுக்கென்றே உருவாக்கிய ரகம். குஃப்ரி புக்ராஜ் மஞ்சள் தோலோடு பளிச்சென்று இருக்கும், ஆனால் நீர் அதிகம். பொரியலுக்கு ஆகும், சிப்ஸுக்கு ஆகாது. மலையில் நெடுங்காலமாகப் பயிராகும் குஃப்ரி ஜோதி நடுத்தரம்.

4. கண்ணால், விரலால், மூக்கால்

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பத்து விநாடி வேலை.

கண்களைப் பாருங்கள். கிழங்கின் குழிகளில் வட்டமான சின்னத் தழும்பு இருந்தால் முளையை ஒடித்துவிட்டு விற்கிறார்கள். ஒருமுறை முளைத்த கிழங்கு ஈரத்தை இழந்திருக்கும், ஒடித்த இடத்தில் மறுபடியும் கூட்டமாக முளைக்கும். குழியில் கருப்பாகக் குருணை மாதிரி ஒட்டியிருந்தால் அது மண்ணல்ல, கிழங்கு அந்துப்பூச்சியின் எச்சம். உள்ளே புழு துளைத்திருக்கும்.

பச்சை நிறத்தைத் தேடுங்கள். வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சையம் ஏறும். அதே வெளிச்சம் சோலனைன் போன்ற கசப்பு நஞ்சையும் கூட்டும். வேகவைத்தாலும் அது போகாது. ஒரு ஓரத்தில் லேசாக இருந்தால் ஆழமாகச் சீவி எறியலாம். பாதிக் கிழங்கு பச்சையாக இருந்தால் வாங்கவே வேண்டாம். குழல்விளக்குக்கு நேர் கீழே அடுக்கி வைத்த கிழங்கை எப்போதும் அடியிலிருந்து எடுங்கள்.

கட்டைவிரலால் தோலைத் தேய்த்துப் பாருங்கள். தோல் சுருண்டு வந்தால் முற்றாத புதுக்கிழங்கு. நாலைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். மசித்தால் பசை மாதிரி வரும். தோல் வராமல் இருந்து, அமுக்கினால் கல் மாதிரி இருந்தால் முற்றியது, ஈரம் குறையாதது. அமுக்கும்போது ரப்பர் போல் நெளிந்தால் பழையது.

கடைசியாக முகர்ந்து பாருங்கள். ஒன்றை அல்ல, கூடையை. ஒரே ஒரு அழுகல் கிழங்கு இருந்தாலும் நாற்றம் காட்டிக்கொடுக்கும். அதன் நீர் பட்ட கிழங்குகள் எல்லாம் இரண்டு நாளில் அதே வழியில் போகும்.

அளவு: கிலோவுக்குப் பத்து, பன்னிரண்டு நிற்கும் நடுத்தரக் கிழங்கே பாதுகாப்பு. மிகப் பெரியது வேகமாகப் பருத்திருக்கும், நடுவில் பொந்து இருக்க வாய்ப்பு அதிகம். பொடிக்கிழங்கு மலிவுதான், ஆனால் உரிப்பதில் கழிவு கூடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மண் ஒட்டியிருந்தால் ஊட்டிக் கிழங்கு, புதுசு என்று நம்பிவிடுவது. பழைய கிழங்குக்குச் செம்மண்ணோ காவியோ பூசி விற்பது சில சந்தைகளில் நடக்கிற காரியம். ஒன்றைத் தண்ணீரில் போட்டுத் தேயுங்கள். வயல் மண் கரகரப்பாக அடியில் தங்கும். பூசியது நீரை ஒரே சீராகக் கலங்கவைக்கும். சாயமாக இருந்தால் விரலிலும் ஒட்டும். மண்ணை நம்புவதைவிடத் தோல் தேய்க்கும் சோதனையை நம்பலாம்.

5. ஒரு கிலோ வாங்கி, வீட்டில் சோதித்துவிட்டு மேலே வாங்குங்கள்

பெரியது ஒன்று, சின்னது ஒன்று, நடுத்தரம் இரண்டு என்று நான்கு எடுங்கள். நல்லதாகப் பொறுக்கினால் சோதனையே வீண்.

முதலில் வெட்டிப் பார்ப்பது. நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். நடுவில் கருப்பு இருந்தால், சூட்டில் காற்றில்லாமல் மூச்சுமுட்டிய கிழங்கு அது. நெருக்கி அடைத்த லாரியில் வந்திருக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. நான்கில் ஒன்றில் இருந்தாலே அந்தச் சரக்கை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது உப்புத் தண்ணீர். 1 லிட்டர் தண்ணீரில் 110 கிராம் தூள் உப்பைக் கரைத்து, கழுவித் துடைத்த முழுக் கிழங்குகளைப் போடுங்கள். மாவுச்சத்து நீரைவிடக் கனம் என்பதால் மாவுக் கிழங்கு மூழ்கும், நீர்க்கிழங்கு மிதக்கும். உப்பைக் கரண்டிக் கணக்கில் போடாமல் எடை போட்டுக் கரையுங்கள். கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் ஒரு கரண்டியின் எடை ஒன்றல்ல. நடுவில் பொந்துள்ள கிழங்கும் மிதக்கும், ஆகவே மிதந்ததை வெட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது வறுத்துப் பார்ப்பது. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பத்துச் சீவல் சீவி, தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, 180 டிகிரி எண்ணெயில் குமிழி அடங்கும்வரை பொரியுங்கள். வெளிர் மஞ்சளாக வந்தால் நல்லது. மொறுமொறுப்பு வரும் முன்பே பழுப்பாகிக் கசந்தால் சர்க்கரை ஏறிய கிழங்கு. முனை மட்டும் கறுத்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கிறது. பச்சையாகக் கடித்து இனிப்பைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். வறுவலைக் கெடுக்கும் அளவு சர்க்கரை நாக்குக்குத் தெரியாது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. கிழங்கின் ரகமும் முதிர்ச்சியும் எப்படி என்பதை உப்புத் தண்ணீர் காட்டும். அதைப் பிறகு எப்படி வைத்திருந்தார்கள் என்பதை எண்ணெய் காட்டும். மூழ்கியும் கறுக்கிற கிழங்கு உண்டு. அது நல்ல ரகம், கெட்ட கிடங்கு. 7-ஆம் பகுதியின் வழியில் மீட்கலாம். மிதந்த கிழங்கை எதைச் செய்தாலும் சிப்ஸுக்குத் தேற்ற முடியாது.

6. மூட்டை வாங்கும்போது

மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று முதலில் கேளுங்கள். 45 கிலோவும் உண்டு, 50 கிலோவும் உண்டு. விலையைக் கிலோவுக்கு மாற்றாமல் இரண்டு மண்டியை ஒப்பிடுவது வெறும் ஏமாற்று.

சாக்கின் அடியைத் தடவிப் பாருங்கள். ஈரக்கறை இருந்தால் உள்ளே அழுகல். மூட்டை முழுவதும் வேர்த்திருந்தால் வேறு விஷயம்: குளிரிலிருந்து எடுத்து ஆறவிடாமல் ஏற்றியிருக்கிறார்கள், கிழங்கின் மேல் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. அதை அப்படியே அடுக்கினால் அழுகும். அன்றே கொட்டிப் பரப்ப இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வாய் தைத்த மூட்டையின் மேல்பகுதியை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். முகப்பில் நல்லது இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவசரத்தில் அப்படித்தான் எடுக்கிறோம். ஒரு மூட்டையைக் காலிச் சாக்கில் தலைகீழாகக் கொட்டுங்கள், அடி மேலே வந்துவிடும். இதற்கு ஒப்பாத வியாபாரியை விட்டுவிட்டு அடுத்த கடையைப் பார்ப்பது நல்லது.

கழிவைக் கணக்கில் சேர்த்து விலையைப் பாருங்கள். கிலோ 30 ரூபாய்க் கிழங்கில் தோல், முளை, அழுகல் என ஐந்தில் ஒரு பங்கு போனால் உண்மையான விலை 37 ரூபாய் 50 காசு. கழிவு பத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ள 33 ரூபாய்க் கிழங்கு 36 ரூபாய் 67 காசில் நிற்கும். மலிவுக் கிழங்கை உரிக்கும் ஆளின் கூலி இதில் சேரவேயில்லை.

7. கிடங்குக் கிழங்கை ஆறப்போடுங்கள்

வாங்கிய அன்றே வறுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. குளிரில் ஏறிய சர்க்கரையில் ஒரு பகுதி, வெதுவெதுப்பில் வைத்தால் குறையும். கிழங்கு மூச்சுவிட்டுச் சிறிது செலவழிக்கும், மீதியில் கொஞ்சம் மறுபடி மாவுச்சத்தாகும்.

இதற்கு ஏற்ற சூடு 15 முதல் 20 டிகிரி, காலம் இரண்டு மூன்று வாரம். சமவெளியில் அந்தச் சூடு கிடைக்காது. இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் இரண்டு கிழங்கு உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். நான்காம் நாளிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை பத்துச் சீவல் வறுத்துப் பாருங்கள். நிறம் தெளிந்ததும் பயன்படுத்தத் தொடங்குங்கள். முளை மொட்டுவிட ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் காத்திருப்பதில் லாபமில்லை. அந்தச் சரக்கை மசாலாவுக்குத் திருப்புங்கள்.

ஆறப்போட்டும் நிறம் மாறாத சரக்கு உண்டு. நெடுநாள் கிடங்கில் இருந்து முதுமையினால் இனித்த கிழங்கு அது. இரண்டு சோதனைக்குப் பிறகும் கறுத்தால் விட்டுவிடுங்கள்.

8. வைக்கும் விதம்

மூங்கில் கூடை அல்லது கோணிச் சாக்கு, இருட்டு, தரையிலிருந்து சற்று உயரம். பிளாஸ்டிக் பையில் வந்தால் வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிடுங்கள். ஈரம் தேங்கினால் அழுகல் ஒரே இரவில் தொடங்கும். கழுவி வைக்காதீர்கள். கழுவிப் பளபளப்பாக்கிய கிழங்கைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் மூன்று நான்கு நாளுக்கு மட்டும் வாங்குங்கள்.

அடுப்பின் பக்கமும் ஃபிரிட்ஜின் பின்புறமும் சூடு அதிகம், வேண்டாம். வெங்காயத்தோடு ஒரே கூடையில் போட வேண்டாம். கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் கெடும்.

வறுக்கப் போகிற கிழங்கை ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். கிடங்கில் நடந்ததே அங்கும் நடக்கும், நீங்கள் ஆறப்போட்டதும் வீணாகும்.

மூட்டைக்காரர்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறி, கசிவதைப் பொறுக்கி எறிய வேண்டும். வாங்கிய தேதியைச் சாக்கின் மேல் எழுதிவையுங்கள், பழையது முன்னால் தீரும்.

9. சுமாரான கிழங்கே கிடைத்தால்

நவம்பரில் சில வாரங்கள் எவ்வளவு தேடினாலும் நல்லது கிடைக்காது. அப்போது சமைக்கும் முறையில் சரிக்கட்ட வேண்டும்.

இனிப்பேறிய கிழங்கை வறுக்கத்தான் வேண்டுமென்றால், சீவி இரண்டு தண்ணீரில் அலசி, 70 டிகிரி அளவிலான வெந்நீரில், அதாவது ஆவி வந்தும் கொதிக்காத நிலையில், மூன்று முதல் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து நன்றாக உலர்த்துங்கள். மேற்பரப்புச் சர்க்கரை நீரில் போய்விடும். கிழங்கின் சுவையும் கொஞ்சம் போகும், தவிர்க்க முடியாது. எண்ணெயை 160, 165 டிகிரிக்கு இறக்கி நிதானமாகப் பொரியுங்கள்.

முற்றாத கிழங்கில் போண்டா போட வேண்டியிருந்தால் உரிக்காமல் முழுதாக வேகவைத்து, சூட்டோடு உரித்து, பத்து நிமிடம் தட்டில் பரப்பி ஆவியை விடுங்கள். அதன் பிறகு கையால் மட்டும் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து பிதுங்கிக் கோந்தாகிவிடும்.

ரப்பர் போல் தளர்ந்த, ஆனால் பச்சையோ முளையோ இல்லாத கிழங்கை உரித்து வெட்டிக் குளிர்ந்த நீரில் அரைமணி போட்டால் ஓரளவு விறைப்பு திரும்பும். குருமாவுக்குப் போதும். சாம்பாரில் போடுவதானால் கிழங்கு வெந்த பிறகே புளியைச் சேருங்கள்; புளிப்பில் கிழங்கின் சதை இளகாது, பழங்கிழங்கில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

வேகவைத்து உரித்த பின் சாம்பல் நிறமாகக் கறுத்தால் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம். கிழங்கிலுள்ள இரும்பு காற்றுபட்டு நிறம் மாறுவது அது, கெடுதலில்லை. அடுத்த முறை முக்கால் வேக்காட்டில் தண்ணீரில் அரை எலுமிச்சை பிழியுங்கள். சுருங்கி, நீளமாக முளைவிட்டு, வெந்த பிறகும் கசக்கிற கிழங்கை மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.